வாடகைக்கு வரும் அரசுப் பணம் ஏன் குறைகிறது?

கேள்வி: லண்டனில் தனியாருடைய மூன்று படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நாங்கள் இருவர், 9 வயது மகன், 6 வயது மகள். யூனிவர்சல் கிரெடிட்டில் (குறைந்த வருமானத்துக்கு அரசு தரும் மாத உதவி) வாடகைக்கென்று வரும் பணம் வாடகைக்குப் போதவில்லை. ஒப்பந்தம் எல்லாம் கொடுத்தாயிற்று. எங்கே தவறு?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தவறு எதுவும் தெரியவில்லை. 'லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்' என்று பகுதிவாரியாக ஓர் உச்சவரம்பு உண்டு. அதிலும் உங்கள் வாடகையிலும் எது குறைவோ, அதுதான் கணக்கு. அப்பகுதி வாடகைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் 30 சதவீத இடத்தில் வரும் தொகையே வரம்பு. 2024 ஏப்ரலில் அதைச் சந்தைக்கு ஏற்ப உயர்த்தினார்கள். 2025 ஏப்ரலில் உயர்த்தவில்லை. வாடகையோ ஏறிக்கொண்டே போகிறது.

உங்களுக்கு முக்கியமானது அறைக் கணக்கு. வீட்டில் எத்தனை அறை என்று பார்ப்பதில்லை, குடும்பத்துக்கு எத்தனை தேவை என்றுதான் பார்ப்பார்கள். தம்பதிக்கு ஓர் அறை. 10 வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகள், ஆணும் பெண்ணுமானாலும், ஓர் அறை. ஆக உங்களுக்கு இப்போது இரண்டு அறை வரம்புதான்.

மகனுக்கு 10 முடிந்ததும் மூன்று அறை வரம்பு. பிறந்தநாள் விழும் கணக்கு மாதத்தின் (உங்கள் உதவியைக் கணக்கிடும் ஒரு மாதக் காலம்) தொடக்கத்திலிருந்தே அது பொருந்தும். அந்த மாத ஸ்டேட்மென்டில் (உதவித் தொகையின் கணக்கு விவரம்) ஏறாவிட்டால் உடனே ஜர்னலில் (உங்கள் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பகுதி) எழுதிக் கேளுங்கள்.

ஏறியும் கைக்கு வராமல் போகலாம். லண்டனில் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மொத்த உதவியின் உச்சம் ஆண்டுக்கு 25,323 பவுண்ட். 'பெனிஃபிட் கேப்' என்று ஸ்டேட்மென்டில் கழித்திருப்பார்கள். வரியும் தேசிய காப்பீடும் போக இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டால் (2025 ஏப்ரலில் அது 846 பவுண்டாக இருந்தது) இந்தக் கழிவு இல்லை. வேலை நேரம் கொஞ்சம் கூட்ட முடிந்தால் கூட்டுவது நல்லது.

அதுவரை விழும் துண்டுக்குக் கவுன்சிலிடம் வீட்டுச் செலவு உதவி கேட்கலாம். உரிமையாகத் தருவதல்ல, அவர்கள் விருப்பம். ஒப்பந்தம், கடைசி ஸ்டேட்மென்ட், வரவு செலவுப் பட்டியல் மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள். பட்டியல் இல்லாத விண்ணப்பம்தான் பெரும்பாலும் இழுபடும். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் பணத்தை நேரே தனக்குத் தரும்படி வீட்டுக்காரர் கேட்கலாம், பாக்கியையும் உங்கள் தொகையில் கழிக்கச் சொல்லலாம். அதற்கு முன்பே கவுன்சிலுக்கு எழுதிவிடுங்கள்.