வீட்டுக்கு வீடு ரெண்டு மைல்: ஹாலோவீன் கேள்வி பதில்

அக்டோபர் 31 மாலை பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் பற்றி, அமெரிக்கா, கனடாவின் சிற்றூர்களில் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். மாநகர அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், இது மண்சாலைக்காரர்களுக்கு.

கணவருக்குச் சிற்றூர் மருத்துவமனையில் வேலை. ஊருக்கு வெளியே குடியிருக்கிறோம், அடுத்த வீடு ரெண்டு மைல். அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வருவார்களா? எவ்வளவு மிட்டாய் வாங்கி வைப்பது?
– வாசகி, நெப்ராஸ்கா

தானாக யாரும் வரமாட்டார்கள். நகரத்தில் வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள். சோளக்காட்டுக்கு நடுவே அந்த விளக்கை யார் பார்க்கப்போகிறார்கள்? இங்கே சொல்லிவைத்துத்தான் வருவார்கள். ஒரு வாரம் முன்னதாக உங்கள் சாலையில் உள்ள வீடுகளுக்குப் போன் செய்து, "ஆறிலிருந்து எட்டு வரை வீட்டில் இருப்போம், பிள்ளைகளோடு வாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். எத்தனை தலை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அதற்கு மேல் நாலைந்து கூடுதலாக வாங்கினால் போதும். வருவது பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் என்பதால், கிராமப்புறத்தில் பலர் குட்டிக் குட்டி மிட்டாய் தருவதில்லை. முழு அளவு சாக்லேட் பார்தான். அதில் கஞ்சத்தனம் பார்த்தால் அடுத்த வருடம் வரை பேச்சு இருக்கும்.

உங்கள் பிள்ளைகளுக்கு அன்றைய நாள் ஏறக்குறைய இப்படிப் போகும்: மதியம் பள்ளியில் வேஷ ஊர்வலம், மூன்று மணிக்கு மேல் மெயின் ஸ்ட்ரீட் கடைகளில் ஒரு சுற்று, பல ஊர்களில் முதியோர் இல்லத்தின் நடைக்கூடத்தில் இன்னொரு சுற்று, அதன்பின் காரில் தெரிந்த பண்ணை வீடுகள். ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் கணக்கு வையுங்கள். பாதி பயணத்துக்கு, பாதி "உள்ளே வாங்க" உபசாரத்துக்கு. இரண்டு மணி நேரத்தில் ஆறு வீட்டுக்கு மேல் திட்டமிட்டால் கடைசி வீட்டில் பிள்ளைகள் தூங்கியபடிதான் போய்ச் சேருவார்கள்.

உங்கள் பக்கத்து ஏற்பாடு: முற்றத்து விளக்கு முழுவதும் எரியட்டும். நாயைக் கட்டிப்போடுங்கள். தபால் பெட்டியில் வீட்டு எண்ணை ஒளி பிரதிபலிக்கும் எழுத்தில் ஒட்டுங்கள். மண்சாலையில் போன் வரைபடம் அரை மைல் தள்ளி யாராவது வயலில் கொண்டுபோய் நிறுத்தும். அக்டோபர் கடைசி அறுவடைக் காலமும்கூட. இருட்டிய பிறகும் தானிய லாரிகள் ஓடும், புழுதி மறைக்கும், மான்கள் குறுக்கே பாயும். பிள்ளைகளைச் சாலையோரம் இறக்கிவிடாமல் முற்றத்துக்குள் வண்டியைக் கொண்டுபோய் இறக்குங்கள்.

இந்த ஊரில் 30ஆம் தேதியே பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்களாமே? நாள் யார் குறிப்பது?
– வாசகர், அயோவா

நகராட்சிதான். ஒஹாயோ, விஸ்கான்சின், பென்சில்வேனியாவில் பல ஊர்கள் நாளையும் நேரத்தையும் அறிவிப்பார்கள். சில இடங்களில் ஞாயிறு பிற்பகல், சில இடங்களில் முந்தைய வியாழன். உங்கள் மாநிலத்து டி மொய்ன் நகரில் நெடுங்காலமாக 30ஆம் தேதி இரவே பிள்ளைகள் கிளம்புவது வழக்கமாக இருந்தது, அதற்கு 'பெக்கர்ஸ் நைட்' என்று பெயர். மிட்டாய் வாங்க வரும் பிள்ளை ஒரு கடி ஜோக் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். 2024இல் புயல்மழை என்று 31க்கு மாற்றினார்கள். ஆகவே காலண்டரை நம்பாமல் உங்கள் ஊர் அறிவிப்பை ஒவ்வொரு வருடமும் பாருங்கள். ஜோக்கும் ரெண்டு மனப்பாடம் செய்து அனுப்புங்கள்.

சர்ச் வாகன நிறுத்துமிடத்தில் 'ட்ரங்க் ஆர் ட்ரீட்' நடத்துகிறார்கள். எங்கள் காரையும் நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன தயார் செய்ய வேண்டும்?
– வாசகி, கான்சஸ்

வீடுகள் எட்டி எட்டி இருக்கும் ஊர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வீட்டுக்கு வீடு போவதற்குப் பதில் காருக்குக் கார். டிக்கியைத் திறந்து அலங்கரித்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மிட்டாய் கொடுப்பீர்கள்.

முதலில் கணக்கு. எத்தனை கார் என்று கேட்காதீர்கள், எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு காருக்கும் வரும். 150 பேர் என்றால் உங்களுக்கு 150, இரண்டாம் முறை சுற்றி வருபவர்களுக்கு இன்னொரு 30, ஆக 180 சிறிய மிட்டாய். கிண்ணத்தை நீட்டி "எடுத்துக்கோ" என்றால் அரைமணியில் காலி. நீங்களே ஒன்று ஒன்றாகக் கையில் கொடுங்கள்.

அலங்காரத்துக்கு அட்டைப்பெட்டி, கறுப்புத் துணி, காந்தம், கிளிப், மீன்பிடி நரம்பு போதும். காரின் பெயின்டில் டேப் ஒட்டாதீர்கள். குளிரில் விறைத்து, உரிக்கும்போது பெயின்டோடு வரும். சமவெளியில் எதிரி காற்றுதான். அட்டைக் கல்லறையோ பெரிய சிலந்தியோ எதுவானாலும், தண்ணீர் நிரப்பிய ஒரு கேலன் ஜாடியை அடியில் கட்டுங்கள். காரின் முன்பக்கம் காற்றைப் பார்த்து, டிக்கிக்குள் காற்று அடிக்காதபடி நிறுத்த முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

விளக்கு பேட்டரியில் எரிவதாக இருக்கட்டும். கார் பிளக்கிலிருந்து எடுத்தால், கூடவே டிக்கி விளக்கும் இரண்டு மணி நேரம் எரிந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் கார் பேட்டரி இறங்கி ஜம்பர் கேபிளுக்கு வரிசை நிற்கும். உள்விளக்கு சுவிட்சை அணைத்துவிடுங்கள். குளிர்கிறதே என்று எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போடக்கூடாது. புகைக்குழாய் இருப்பது சரியாகப் பிள்ளைகளின் முகம் இருக்கும் பக்கத்தில். திறந்த டிக்கி வழியாகக் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளும் வரும்.

நடத்துபவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கார்களுக்கு இடையே ஒரு இடம் காலியாக விடுகிறார்களா? பிள்ளைகள் வந்தபின் கடைசிப் பிள்ளை போகும்வரை எந்த வண்டியும் நகராது என்று விதி உண்டா? மழை வந்தால் எங்கே? தீயணைப்பு நிலையக் கூடமோ பள்ளி ஜிம்மோ பேசி வைத்திருந்தால், மேஜை போட்டு அப்படியே உள்ளே மாற்றிவிடலாம்.

பரங்கிக்காயைக் குடைந்து, உள்ளே விளக்கு வைக்க முகம் போலச் செதுக்கி வைத்தால் மூன்றே நாளில் பூசணம் பிடித்துச் சரிந்துவிடுகிறது. என்ன தவறு?
– வாசகர், இல்லினாய்

பெரும்பாலும் அவசரம். அக்டோபர் தொடக்கத்தில் வாங்குங்கள், செதுக்குவதை 29க்குத் தள்ளிப்போடுங்கள். முழுக்காய் வாரக்கணக்கில் தாங்கும், செதுக்கியது ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

வாங்கும்போது அடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள், மெத்தென்றிருந்தால் வேண்டாம். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்; காம்பு முறிந்த இடத்தில்தான் அழுகல் ஆரம்பிக்கும். மேலே மூடி வெட்டுவதாக இருந்தால் கத்தியை உள்நோக்கிச் சாய்த்து வெட்ட வேண்டும், நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். நாரையும் விதையையும் வழித்தெடுத்து, முகம் வரும் பக்கத்தின் சுவரை ஒரு அங்குலத் தடிப்புக்குச் சுரண்டுங்கள். அதைவிடத் தடித்தால் வெளிச்சம் வராது, மெலிந்தால் பல்லெல்லாம் சுருண்டுகொள்ளும். ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் ப்ளீச் கலந்து உள்ளும் வெட்டிய ஓரங்களிலும் தெளித்து, நன்றாகக் காயவிட்டு, ஓரத்தில் வாஸலின் களிம்பு தடவுங்கள். பகலில் வெயில் படாத இடம், இரவில் உறைபனி என்றால் வீட்டுக்குள். ஒருமுறை உறைந்து இளகினால் கூழ்தான். மெழுகுவர்த்தியின் சூடும் உள்ளே வேகவைக்கும், எல்ஈடி வையுங்கள். ப்ளீச் தெளித்ததைக் கால்நடைக்குப் போடக்கூடாது. செதுக்காத, பெயின்ட் அடிக்காத காய்களைப் பக்கத்துப் பண்ணையில் பன்றிக்கும் மாட்டுக்கும் வாங்கிக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

வேஷத்துக்கு மேல் கோட்டு போட்டால் பிள்ளை அழுகிறாள், போடாவிட்டால் நடுங்குகிறாள்.
– வாசகி, மினசோட்டா

கோட்டை உள்ளே போடுங்கள். வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் பெற்றோர் உடையை இரண்டு அளவு பெரிதாக வாங்குவதே பனி உடைக்கு மேல் மாட்டத்தான். இளவரசியைவிட டைனோசர், கரடி, விண்வெளி வீரர் எல்லாம் இதற்குத் தோது. விளிம்பு கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும், சரளைக்கல்லில் தடுக்கும். முகமூடியில் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கும், பக்கப் பார்வையும் போகும், அதைவிட முகச்சாயமே நல்லது. அதையும் முந்தின நாளே முழங்கை உள்பக்கத்தில் தடவிப் பாருங்கள். முதுகிலும் பையிலும் பிரதிபலிப்பு டேப் இரண்டு பட்டை.

மிட்டாயில் விஷம், பிளேடு என்று ஊரில் சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், டெக்ஸஸ்

சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுகளாக இந்தச் செய்திகளைத் துருவிப் பார்த்தவர். முன்பின் தெரியாதவர் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பெரும் தீங்கு அடைந்ததாகவோ உறுதியான ஒரு வழக்கும் அவருக்குக் கிடைக்கவில்லை. உங்கள் மாநிலத்தில் 1974இல் நடந்ததைச் சொல்வார்கள். அதில் மகனுக்கு நஞ்சு கொடுத்தவர் பெற்ற தகப்பன். உறை கிழிந்ததைத் தூக்கிப்போடுங்கள், நாலு வயதுக்குக் கீழே கெட்டி மிட்டாயும் வேர்க்கடலையும் வேண்டாம். பயப்பட வேண்டியது சாலைக்குத்தான். 1975 முதல் 2016 வரையிலான விபத்துப் பதிவுகளை ஆராய்ந்ததில், அந்த மாலையில் பாதசாரிகள் இறப்பது மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகமாக இருந்தது.

முறுக்கு, அதிரசம் கொடுக்கலாமா?
– வாசகி, அயோவா

உங்களைத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாராளமாக. சிற்றூரில் வீட்டில் செய்த பாப்கார்ன் உருண்டையையும் கேரமல் ஆப்பிளையும் இன்றும் வாங்கிக்கொள்வார்கள். கடலை, முந்திரி சேர்ந்ததைத் தவிருங்கள். ட்ரங்க் ஆர் ட்ரீட்டில் மட்டும் கடை உறையிட்டதுதான். நீலப்பச்சை நிறப் பரங்கிக்காய் வைத்திருக்கும் இடத்தில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக ஸ்டிக்கர், பென்சில் போன்றவை இருக்கும். 2014இல் நாடு முழுவதும் பரவிய பழக்கம்.

பேய்க்கும் நகராட்சிக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் ஊரில் அணிவகுப்பே நடத்துகிறார்களே!
– வாசகர், மினசோட்டா

குறும்பு தாங்காமல் ஆரம்பித்ததுதான். உங்கள் மாநிலத்து அனோகாவில், ஹாலோவீன் மறுநாள் எழுந்தால் மெயின் ஸ்ட்ரீட்டில் மாடு மேயும், ஜன்னலெல்லாம் சோப்பு, கழிப்பறைக் கொட்டகை குப்புறக் கிடக்கும். பையன்களுக்கு வேறு வேலை கொடுப்போம் என்று 1920இல் ஊர்ப் பெரியவர்கள் அணிவகுப்பு தொடங்கினார்கள். இன்று 'உலகின் ஹாலோவீன் தலைநகர்' என்பது அந்த ஊரின் பட்டம். கனடாவின் சர்ச்சிலில் கவலை வேறு: அது பனிக்கரடிகள் கரையோரம் சுற்றும் காலம். அன்று இரவு காவல் வண்டிகள் ஊரைச் சுற்றி நிற்கும். பிள்ளைகள் வெள்ளை உடுத்திப் பேய் வேஷம் போடக்கூடாது. கனடாவின் வடக்கே நுனாவுட்டின் ஆர்வியட்டில் அதே கரடி பயத்தால் 2014இல் கொண்டாட்டத்தையே சமூகக்கூடத்துக்குள் மாற்றிவிட்டார்கள்.

அன்று இரவு சர்ச் கூடத்தில் சில்லியும் (இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு) சினமன் ரோலும் சாப்பாடு. நாங்கள் சைவம். இருபது பேருக்கு என்ன எடுத்துப் போவது?
– வாசகி, நெப்ராஸ்கா

சைவச் சில்லியே எடுத்துப் போங்கள். இருபது பேருக்கு உலர்ந்த ராஜ்மா ஒரு கிலோ, வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி இரண்டு கிலோ. ராஜ்மாவை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டபிறகே ஸ்லோ குக்கரில் போட வேண்டும். பச்சையாக நேரே போட்டால் அந்த மெல்லிய சூட்டில் ராஜ்மாவின் நச்சு போகாது. சாப்பிட்டவர்களுக்கு இரவெல்லாம் வாந்திதான். டப்பாவில் வருவது வெந்தது, அதற்கு இந்தக் கவலை இல்லை. பாத்திரத்தின்மேல் 'இறைச்சி இல்லை' என்று பெரிதாக எழுதி ஒட்டி, தனிக் கரண்டி போடுங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பாத்திரக் கரண்டி ஐந்தே நிமிடத்தில் இதற்குள் வந்துவிடும். கூடத்துக்குச் சீக்கிரம் போய் பிளக்கைப் பிடியுங்கள். ஒரு சர்க்யூட்டில் ஐந்து ஸ்லோ குக்கருக்கு மேல் சொருகினால் ப்ரேக்கர் விழும், எல்லாருடைய சில்லியும் ஆறிப்போகும்.