வைஸ் ஜா பிளேட் ஸ்க்ரூ கழலவில்லை என்றால்

பழைய வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) ஜா பிளேட்டை, அதாவது அதன் தாடையில் பொருத்திய தகட்டை, பிடித்திருக்கும் ஸ்க்ரூ இரண்டும் அசையவில்லை, தலைப் பள்ளமும் தேய ஆரம்பித்துவிட்டது, பெரிய சுத்தியலால் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வைஸின் உடம்பு வார்ப்பிரும்பாக இருந்தால் வளைந்து கொடுக்காது, விரிசல்தான் விடும்.

முதலில் பள்ளத்துக்குள் இறுகிக் கிடக்கும் துருவை ஊசியால் கிளறி எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் ஆழமாக உட்காராததால்தான் பாதித் தலைகள் கெடுகின்றன. அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு ஊற்றும் எண்ணெய்) சரிபாதி எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். கலவை பிரிந்து நிற்கும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. கலவை பெயிண்டில் பட்டால் பெயிண்டும் போய்விடும்.

அப்புறம் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர், அதாவது தட்டினால் திரும்பும் வகை. பள்ளத்தில் ஆட்டமில்லாமல் பொருந்தும் பிட்டைப் (மாற்றிப் போடும் முனை) போட்டு, அளவான சுத்தியலால் அதன் மண்டையில் தட்டுங்கள். அடி உள்ளே அழுத்தும்போதே முனை திரும்புவதால் வழுக்காது. முதல் தட்டு இறுக்கும் பக்கம் இருக்கட்டும். துருப் பிடி உடைய அது உதவும்.

அதற்கும் மசியவில்லையா, தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்துவிடுங்கள். பிளேட் கையோடு வந்துவிடும். இறுக்கம் போனபின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை லாக்கிங் பிளையரால் (பிடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும் வகை) பிடித்துத் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும்.