துணிக்கு அடியில் தகடு இல்லை

அன்புள்ள அண்ணா,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். நெசவுக் குடும்பம், வீட்டில் இன்னும் தறி ஓடுகிறது. இல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்ற விமானம் ஓட்டும் கணினி சிமுலேட்டரில் வரும் பிரிட்டிஷ் போர்விமானம் ஹரிக்கேன் மார்க் 2-க்கு ஒரு ஸ்கின், அதாவது விமானத்தின் மேல் போர்த்தும் நிறப்படம், செய்திருக்கிறேன். 1944இல் இம்பாலில் இருந்த இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன்தான் மாதிரி. படங்களை இணைத்துள்ளேன். பெயிண்ட் உரிந்த இடங்கள் தத்ரூபமாக இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். என் சந்தேகம் நிறத்தில்தான். உருமறைப்பு நிறங்களான டார்க் எர்த் (மண்பழுப்பு), டார்க் கிரீன் (கரும்பச்சை) இரண்டுக்கும் திரையில் போட வேண்டிய சரியான ஆர்ஜிபி எண்கள் எவை? வட்டச் சின்னத்தின் நடுவில் வெள்ளை சரிதானா? அழுக்குக்கு ஏற்காடு மலைப்பாதைச் செம்மண்ணைப் படமெடுத்து ஒட்டியிருக்கிறேன், பொருந்துகிறதா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

படங்களை நிதானமாகப் பார்த்தேன். இரண்டு நிறங்களும் சந்திக்கும் கோடு இறக்கையிலிருந்து உடலுக்கு ஏறும் இடத்தில் முறியாமல் போகிறது. விமானத்தைத் துண்டுதுண்டாக விரித்து வைத்திருக்கும் டெம்ப்ளேட்டில் அந்த இரண்டு துண்டுகளும் எங்கெங்கோ கிடக்கும். அவற்றைப் பொருத்த எத்தனை முறை சிமுலேட்டரைத் திறந்து மூடியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொறுமை இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிறத்தை முதலில் முடித்துவிடலாம். பிரிட்டிஷ் தர அட்டை 381சி-யில் டார்க் எர்த் 450, டார்க் கிரீன் 641. அந்த எண்களுக்கான மதிப்பை எடுத்துப் போடுங்கள். பிறகு காலை வெயில், உச்சிவெயில், மேகமூட்டம் மூன்றிலும் விமானத்தை நிறுத்திப் பாருங்கள். வெளிச்சம் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் இரண்டு நிறங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளாஸ்டிக் மாடல் செய்கிறவர்கள் தூரத்து மங்கலைக் காட்ட நிறத்தில் வெள்ளை கலப்பார்கள். நமக்கு அது வேண்டாம், மங்கலை மென்பொருளே போட்டுவிடுகிறது. இதற்குமேல் எண்களைத் துரத்துவதில் பயன் இல்லை.

வட்டச் சின்னத்தின் நடுவில் வெள்ளை தவறு. ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று கிழக்குப் போர்முனையில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். 1944இல் இம்பாலில் இருந்தவற்றில் வெளியே கருநீலம், உள்ளே வெளிர்நீலம். நீங்கள் பார்த்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெள்ளையாகத் தெரிந்திருக்கும். அன்று புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு உறைக்காது, நீலம் அளவுக்கு மீறி உறைக்கும். அதனால் நீலம் வெளுத்தும், சிவப்பும் மஞ்சளும் கறுத்தும் பதிவாகும். ஒரு படத்தில் நிறத்தைத் தேடும் முன் அது எந்த பிலிம் என்று யோசியுங்கள்.

செம்மண்ணும் வேண்டாம். ஏற்காட்டு மண் பாக்சைட்டோடு சேர்ந்த லேட்டரைட் என்ற செம்மண். இம்பால் பள்ளத்தாக்கு லோக்டாக் ஏரியை ஒட்டிய வண்டல். எந்த மண்ணானாலும் சக்கரம் வாரியடிக்கும் இடத்தில்தான் ஒட்டும்: இறக்கையின் அடிப்பக்கம், இறங்கும்போது விரியும் இறக்கை மடிப்பான பிளாப், வால்சக்கரத்தைச் சுற்றி. நீங்கள் விமானி தலைக்குப் பின்னால்கூட அப்பியிருக்கிறீர்கள்.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். உங்கள் நண்பர்கள் பாராட்டிய அந்த உரிந்த பெயிண்டைத்தான். விமானியின் இருக்கைக்குப் பின்னாலிருந்து வால்வரை வெள்ளி வெள்ளியாகச் சுரண்டி வைத்திருக்கிறீர்கள். சுக்கானிலும் வெள்ளி. தம்பி, அது தகடு இல்லை, துணி. ஹரிக்கேனின் பின்னுடல் ஆளி நாரில் நெய்த ஐரிஷ் லினன். உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் நீளவாக்கில் மரச் சட்டங்கள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய துணி. வால்பகுதியும், சுக்கானும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும், விமானத்தைச் சாய்க்கும் இறக்கை ஓரத்து அய்லரானும் துணிதான். அதைச் சுரண்டினால் வெள்ளி எங்கிருந்து வரும்? வேறு யாராவது இதைச் செய்திருந்தால் இரண்டு வரியில் கடந்துபோயிருப்பேன். தறி ஓடும் வீட்டிலிருந்து வருகிற கண்ணுக்கு, சட்டங்களுக்கு நடுவே லேசாக உள்வாங்கி நிற்பது துணி என்று தெரியாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கஞ்சி காய்ந்ததும் இழை விறைக்கும். விமானத் துணிக்கு டோப் என்ற செல்லுலோஸ் பூச்சு. அது காயும்போது துணியைச் சுருக்கி மத்தளத் தோல்போல இழுத்துப் பிடிக்கும். முதல் பூச்சுகள் செங்காவி நிறம், மேலேதான் டார்க் எர்த்தும் டார்க் கிரீனும். ஆகவே தேய்ந்தால் தெரிவது செங்காவி. அதுவும் எங்கே? சட்டத்தின் மேடு துணியைத் தாங்கி நிற்கும் கோட்டிலும், வால்சக்கரம் கல்லை எற்றும் அடிவயிற்றிலும், ஒரு பிக்சல், மிஞ்சினால் இரண்டு பிக்சல் அகலத்தில்.

அந்த ஒரு பிக்சல் எவ்வளவு என்பதைக் கணக்குப் போடுங்கள். உங்கள் 4096 பிக்சல் அகலக் கோப்பில் மூக்கிலிருந்து வால்வரை ஏறக்குறைய 3,900 பிக்சல். ஹரிக்கேனின் நீளம் 9.8 மீட்டர். மீட்டருக்கு 400 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் 2.5 மில்லிமீட்டர். பின்னுடல் முழுக்கச் சாக்குத்துணி மாதிரி ஒரு நெசவுப் படத்தை மேலே ஓவர்லே லேயராகப் போட்டிருக்கிறீர்களே, அதில் ஓர் இழை மூன்று பிக்சல். ஏழரை மில்லிமீட்டர் தடிமனில் நூல் எந்தத் தறியில் ஓடும்? உண்மையான லினனில் ஒரே பிக்சலுக்குள் பல இழைகள் அடங்கிவிடும். பாவும் ஊடையும் இந்த அளவில் தெரியவே தெரியாது. அந்த லேயரை அழித்துவிடுங்கள். விமானத்தின் தொடர் எண்ணையும் இதே கணக்கில் சரிபாருங்கள். எழுத்தின் உயரம் 8 அங்குலம், அகலம் 5, கோட்டின் தடிமன் 1. பிக்சலில் 81, 51, 10. உங்களுடையது 120 உயரம்.

செய்ய வேண்டியது இதுதான். டெம்ப்ளேட்டில் பேனல் கோடுகளுக்கு மேலே இரண்டு மாஸ்க், அதாவது நிறம் விழும் இடத்தை வரையறுக்கும் மறைப்பு, வரையுங்கள், ஒன்று துணி, ஒன்று தகடு. உரிசல் லேயர்கள் அத்தனையையும் ஒரு குரூப்பில் போட்டு, அந்தக் குரூப்புக்குத் தகடு மாஸ்க்கை மாட்டிவிடுங்கள். பிறகு பிரஷ் எவ்வளவு தவறினாலும் வெள்ளி துணிமேல் விழாது. தகட்டிலும் கண்ட இடத்தில் உரியாது. விமானி ஏறும் இடப்பக்க இறக்கை அடி, குண்டு நிரப்பும் மூடிகளின் ஓரம், எஞ்சின் மூடியின் திருகுகள், இறக்கையின் முன்விளிம்பு, அவ்வளவுதான். ரோட்டல் நிறுவனத்தின் மர இதழ் பூட்டிய புரொப்பெல்லர் என்றால் அதிலும் வெள்ளி கூடாது. டிசிஎஸ் என்ற இன்னொரு சிமுலேட்டர் மாதிரி, பரப்பின் சொரசொரப்பையும் உலோகத் தன்மையையும் சொல்லும் ரஃப்மெட் கோப்பு உள்ளதற்கு வேலை செய்தால், அதன் நீலச் சேனல்தான் உலோகத் தன்மை. துணி மாஸ்க்குக்குள் அது முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். டிசிஎஸ்ஸில் வரும் மொஸ்கிட்டோ மர விமானம், அதற்கும் இதே விதி. சட்டங்களின் மேடுபள்ளத்தை, அதற்கென்றே உள்ள நார்மல் மேப் கோப்பு ஏற்கெனவே காட்டுகிறது. நீங்கள் அதன்மேல் மறுபடி நிழல் வரைந்ததால்தான் உங்கள் விமானம் பட்டினி கிடந்த மாடுபோல விலா எலும்பு தெரிய நிற்கிறது. அந்த நிழலை 10 சதவீதத்துக்குக் கீழே இறக்குங்கள்.

துணியில் போரைக் காட்ட வேண்டுமென்றால் ஒட்டுப் போடுங்கள். ஹரிக்கேனின் பின்னுடலில் குண்டு பாய்ந்தால் பெரும்பாலும் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். சட்டத்தில் அடிபடவில்லை என்றால், ஓட்டையைச் சுற்றித் துணியைச் சீராக்கி, ஒட்டு வைத்து, டோப் பூசி, காய்ந்ததும் மேல்நிறம் அடித்து மறுபடி பறக்கவிட்டார்கள். அந்த எளிமைதான் ஹரிக்கேனை நல்ல தளவாடம் இல்லாத முனைகளிலும் உயிரோடு வைத்தது. 10 முதல் 15 சென்டிமீட்டர் ஒட்டு என்றால் உங்கள் கோப்பில் 40 முதல் 60 பிக்சல். மூலைகளைக் கொஞ்சம் மழுக்குங்கள். ஒட்டின் மேல்நிறம் புதிது, சுற்றியிருப்பது வெயிலில் வெளுத்தது. ஆகவே ஒட்டு 5, 6 சதவீதம் கருமையாக இருக்கட்டும். டார்க் எர்த்தும் டார்க் கிரீனும் சந்திக்கும் கோட்டின்மேல் ஓர் ஒட்டு விழுந்தால் அந்தக் கோடு ஒட்டுக்குள் கொஞ்சம் தப்பிப் போகட்டும். அவசரத்தில் கையால் அடித்தது அப்படித்தான் இருக்கும். உள்ளே போன குண்டு வெளியேயும் வந்திருக்கும், எதிர்ப்பக்கத்திலும் ஒன்று வையுங்கள். ஒரு விமானத்துக்கு இரண்டு ஜோடி போதும். அந்த ஒட்டை வைத்த ரிக்கர்களின், அதாவது விமான உடலைப் பராமரித்த தொழிலாளிகளின், பெயர் எந்தப் படத்தின் அடியிலும் இருக்காது. அவர்கள் கைவேலை உங்கள் ஸ்கின்னில் இருக்கட்டும்.

கடைசியாக, சேமிக்கும் முன் ஒவ்வொரு துண்டின் ஓரத்துக்கும் வெளியே 16 பிக்சல் நிறத்தை நீட்டிவிடுங்கள். இல்லையென்றால், தூரத்துக்காக மென்பொருள் சுருக்கி வைக்கும் மிப்மேப் படம் சிறிதாகும்போது பின்னணி நிறம் உள்ளே கசிந்து, தூரத்தில் உடலின் முதுகில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். உங்கள் மூன்றாவது படத்தில் ஓடுகிறது. அடுத்த முறை அனுப்பும்போது படங்கள் வேண்டாம், லேயர்களோடு கோப்பையே அனுப்புங்கள். துணி மாஸ்க்கை மட்டும் எனக்குத் திறந்து பார்க்க வேண்டும்.