ஹோ மழைக்காட்டில் மரங்கள் ஏன் அவ்வளவு பெரிதாக வளர்கின்றன?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 101ஆம் நெடுஞ்சாலை வழியாகக் குடும்பத்தோடு கார்ப் பயணம் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இது. ஹோ ஒரு மிதவெப்ப மழைக்காடு, அதாவது குளிர்ந்த பகுதியில் இருக்கும் மழைக்காடு. பசிபிக்கின் ஈரக்காற்று ஒலிம்பிக் மலையில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி கொட்டிவிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை! மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சீக்விம் ஊருக்கு மிஞ்சுவது 400 மி.மீ. சொச்சம்தான். கடுங்குளிரும் கடும் வெயிலும் இல்லாததால் சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள் நூற்றாண்டுக்கணக்கில் வளர்கின்றன. விழுந்த மரத்தையும் குனிந்து பாருங்கள்: பாசி மூடிய அடிமரத்தின் மேல் கன்றுகள் வரிசைகட்டி நிற்கும். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம், அங்கே ஆண்டு முழுக்க மழை என்று நினைக்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் மழை குறைவு.