இலக்கு எடை எவ்வளவு? இஞ்ச் டேப்போடு வாருங்கள்

எடைக் குறைப்பு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "நான் எத்தனை கிலோ இருக்கணும்?" உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, கையில் இருக்கும் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து அனுப்பியவர்களுக்குத்தான் பெரும்பாலும் இங்கே பதில் சொல்கிறேன். உயரமும் எடையும் மட்டும் அனுப்பினால் சுவரில் மாட்டியிருக்கும் பிஎம்ஐ சார்ட் (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்தான் பிஎம்ஐ) சொல்வதைத்தான் நானும் சொல்ல முடியும். நான் உணவியல் ஆலோசகர், டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டரின் வேலை.

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி: அக்கா, வயசு 34, உயரம் 156 செ.மீ., எடை 74, இடுப்பு 94. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, எச்பிஏ1சி (சுமார் மூணு மாசச் சர்க்கரைச் சராசரி) 6.0. கல்யாணத்தின்போது 52 இருந்தேன். ரெண்டு பிரசவத்துக்கும் நடுவில் 64லேயே ரொம்ப நாள் நின்றது. ஆப்பில் போட்டால் 56க்கு வரச் சொல்கிறது. நாலு மாசத்தில் தங்கை கல்யாணம். முடியுமா?

முடியாது. அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். 52ஐ மறந்துவிடுங்கள், அது இரண்டு பிள்ளை பெறுவதற்கு முந்தைய உடம்பு. ஆப் சொல்லும் 56 என்பது உங்கள் உயரத்துக்கு பிஎம்ஐ 23 வரும் எடை. நம் ஊர்க்காரர்களுக்கு நார்மல் என்று வைத்திருக்கும் எல்லையின் மேல்கோடு அது. அதைத் தொட 18 கிலோ இறங்க வேண்டும், அதாவது உங்கள் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி. மருந்தோ ஆபரேஷனோ இல்லாமல் அவ்வளவு குறைத்து, குறைத்ததை வருஷக்கணக்கில் காப்பாற்றுகிறவர்கள் ரொம்பக் குறைவு.

உங்கள் ரிப்போர்ட்டில் எனக்கு உறுத்துவது சர்க்கரைதான். இது ப்ரீ-டயபட்டிஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. இதைத் தள்ளிப்போட எத்தனை கிலோ போதும் என்று பார்த்தால் கணக்கே மாறிவிடுகிறது. அமெரிக்காவில் நடந்து 2002ல் வெளிவந்த டயபட்டிஸ் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல எல்லையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த இலக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிஷம் நடப்பதும்தான். சுமார் 3 வருஷத்தில், போலி மாத்திரை மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் 5 கிலோ. ஆக முதல் இலக்கு 69, ஆறு மாசத்தில். அப்போதும் சார்ட் உங்களைச் சிவப்புக் கட்டத்தில்தான் காட்டும், பிஎம்ஐ 28.4. காட்டிவிட்டுப் போகட்டும்.

69க்கு வந்ததும் உடனே அடுத்த இலக்குக்கு ஓட வேண்டாம். மூணு மாசம் அங்கேயே நின்று பாருங்கள், எச்பிஏ1சி எடுங்கள். பிறகு 64 முதல் 66. ஏன் 64? அதிகம் மெனக்கெடாமல் ரொம்ப நாள் நின்ற எடை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். யாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பட்டினி கிடக்காமல், எடையைப் பற்றி நினைக்காமல், கடைசியாக எந்த எடையில் இரண்டு மூணு வருஷம் இருந்தீர்கள்? அந்த விடை எந்த ஆப்பிலும் கிடைக்காது.

இடுப்பையும் கணக்கில் வையுங்கள். உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருப்பது நல்லது, உங்களுக்கு 78. 94லிருந்து 88 வந்தாலே ரிப்போர்ட்டில் மாற்றம் தெரிய ஆரம்பித்துவிடும். தங்கை கல்யாணத்துக்குள் மூணு நாலு கிலோ இறங்கியிருக்கலாம். பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: உயரத்தில் 100 கழித்தால் வருவதுதான் சரியான எடை என்கிறார் அப்பா. சரியா?

பால் ப்ரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் பெயரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் கணக்கு அது. 150 செ.மீ. ஆளுக்கு 50 கிலோ, பிஎம்ஐ 22. அதே கணக்கு 180 செ.மீ. ஆளுக்கு 80 கிலோ தரும், அது 24.7. உயரமானவர்களுக்குச் சலுகை கொடுக்கும் கணக்கு. அப்பா குள்ளமாக இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

சென்னையில் ஐடி வேலை, வயது 29: உயரம் 172, எடை 66. பிஎம்ஐ 22.3, நார்மல். ஆனால் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஒரு வகைக் கொழுப்பு) 240, ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 1. பேண்ட் சைஸ் 32தான். நான் எடையைக் கூட்டணுமா குறைக்கணுமா?

உங்கள் 22.3ஐப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். 2004ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ உங்களுடையதேதான், 22.3. உடம்பில் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம் தெற்காசிய உடம்பின் கதை அந்த ஒரு படத்தில் இருக்கிறது. கை கால் ஒல்லி, கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும். "ஒல்லியாத்தானே இருக்கான், அவனுக்கு எப்படி சுகர்?" என்று வீட்டில் கேட்பார்களே, அந்த ஆள் இப்படிப்பட்டவர்தான்.

பேண்ட் சைஸை இடுப்பளவு என்று நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் எத்தனை வயதிலும் 32 போட்டுக்கொண்டிருக்கலாம். டேப்பை எடுங்கள். பக்கவாட்டில் விரலை வைத்துக் கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், அப்புறம் கீழே இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும், பெரும்பாலும் தொப்புளை ஒட்டி வரும். பின்பக்கம் டேப் இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், சாதாரணமாக விட்ட பிறகு படியுங்கள். தோலை அழுத்தக் கூடாது. காலையில், சாப்பிடும் முன். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டால் எச்சரிக்கை.

(அளந்து அனுப்பினார்: 93.)

அப்படியானால் உங்கள் இலக்கு 86 செ.மீ., உயரத்தில் பாதி. கிலோவில் வேண்டுமென்றால் 63 முதல் 66 வரை எங்கே நின்றாலும் சரி. ஒல்லியாக இருந்து ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே ஈரலுக்கு நல்லது. சாப்பாட்டைப் பாதியாக்கி 58க்குப் போனால் இருக்கிற கொஞ்சத் தசையும் போய்விடும். வாரத்தில் இரண்டு மூணு நாள் எடை தூக்குங்கள், முட்டையோ பருப்போ சுண்டலோ மூன்று வேளையும் தட்டில் வரட்டும், சர்க்கரை போட்ட டீ, ஜூஸ், பீர் மூன்றையும் குறையுங்கள். ஆறு மாசம் கழித்து எடை அதே 66 என்று காட்டி இடுப்பு 88 என்று வந்தால் நீங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு ஆசிரியர்: பிஎம்ஐ எல்லை வெள்ளைக்காரர்களுக்கு 25, நமக்கு 23 என்று யார் முடிவு செய்தது?

சூத்திரம் பெல்ஜியத்துக்காரர் கெத்தலே என்பவருடையது, 1830கள். அவர் வானியலும் புள்ளியியலும் படித்தவர், மருத்துவர் இல்லை. சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடினாரே தவிர, யாருக்கு வைத்தியம் தேவை என்று தேடவில்லை. 1972ல் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ் அதற்கு பிஎம்ஐ என்று பெயர் வைத்தார். அவர் அலசியது ஆண்களின் அளவுகளை. கூட்டத்தைப் பற்றிப் பேச உதவும், தனி ஆளுக்கு அவ்வளவாக உதவாது என்று அப்போதே தெரியும். எல்லைக்கோடும் கல்லில் செதுக்கியது கிடையாது. அமெரிக்காவில் ஆண்களுக்கு 27.8 ஆக இருந்த அதிக எடைக் கோட்டை 1998ல் 25க்கு இறக்கினார்கள். நேற்று வரை நார்மலாக இருந்த கோடிக்கணக்கானவர்கள், ஒரு கிலோ கூட ஏறாமல், மறுநாள் குண்டானார்கள்.

ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதயநோயும் வருவதால், 2004ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 23ஐயும் 27.5ஐயும் நடவடிக்கை எடுக்க வேண்டிய புள்ளிகளாகச் சொன்னது. இந்திய மருத்துவர்கள் 2009ல் 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று வகுத்தார்கள். 2025 ஜனவரியில் லான்செட் அமைத்த நிபுணர் குழுவும் பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்லாதீர்கள், இடுப்பளவையும் உறுப்புகளின் நிலையையும் பாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது.

கோயம்புத்தூர், ஜிம் போகும் தம்பி: 178 செ.மீ., 86 கிலோ, இடுப்பு 84. கம்பெனி செக்கப்பில் ஓவர்வெயிட் என்று எழுதிவிட்டார்கள்.

பிரஷரும் ரத்தக் கொழுப்பும் நார்மல் என்றால் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடுங்கள். "எனக்கு இருப்பதெல்லாம் தசைதான் மேடம்" என்று 102 செ.மீ. இடுப்போடு வருகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் அந்த ரகம் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: அம்மாவுக்கு 71 வயது. உயரம் 150, நிறை 58 கிலோ. சீனி வருத்தம் இல்லை, பிரஷருக்கு மட்டும் குளிசை எடுக்கிறா. முழங்கால் நோ இருக்கு. 50க்குக் குறைக்கச் சொல்லிச் சொந்தக்காரர் எல்லாரும் சொல்லினம். என்ன செய்யலாம்?

சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள், அம்மாவுக்கு 50 வேண்டாம். வயதாக ஆக முதுகெலும்பு குறுகி உயரம் குறைகிறது. அவர் இளம் வயதில் 154 இருந்திருந்தால், அந்த உயரத்துக்கு 58 கிலோ என்பது பிஎம்ஐ 24.5தான். இன்றைய 150ஐப் போட்டால் 25.8 என்று ஏறிவிடுகிறது. ஒரு கிராம் கொழுப்பு கூடாமலேயே கூடுகிற பிஎம்ஐ இது.

எழுபதுக்கு மேல் நான் பயப்படுவது தசை கரைவதற்கு. டயட் என்று சோற்றையும் குறைத்து மீனையும் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும், போன தசை லேசில் திரும்பாது. அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு 5 தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். 12 வினாடிக்கு மேல் எடுத்தால் கால் பலம் குறைவு. அப்போது முதல் வேலை அதைக் கூட்டுவதுதான். முழங்கால் நோவும் நேரத்தைக் கூட்டும், அதனால் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

முழங்காலுக்காக இரண்டு கிலோ குறைந்தால் நல்லதுதான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறையும். அதற்குமேல் ஆசைப்படாதீர்கள். முயற்சியே செய்யாமல் ஆறு மாசம், ஒரு வருஷத்தில் மூணு கிலோ தானாக இறங்கினால் சந்தோஷப்படாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

மதுரை, வயது 45: 168 செ.மீ., 98 கிலோ, இடுப்பு 112. மூணு வருஷமாகச் சர்க்கரை, மாத்திரை மட்டும். டாக்டர் வாரம் ஒருமுறை போடும் ஊசி ஆரம்பிக்கலாம் என்கிறார். எத்தனை கிலோவில் நிறுத்தலாம்?

உங்களுக்கு மட்டும் நான் பெரிய எண் சொல்கிறேன் அண்ணா: 15 கிலோ. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், சர்க்கரை வந்து 6 வருஷத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்களைக் கடுமையான குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள். ஒரு வருஷத்தில் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை, நோய் அளவுக்குக் கீழே வந்துவிட்டது. மூணு வருஷம் என்பது நல்ல நேரம், பத்து வருஷம் ஆனபின் இந்த வாய்ப்பு சுருங்கும். அந்த உணவு முறையை யூடியூப் பார்த்து வீட்டில் செய்யாதீர்கள். மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும்.

83 என்பது பிஎம்ஐ 29.4, நம் சார்ட்டில் அப்போதும் உடல் பருமன்தான். உங்கள் கணையத்துக்குச் சார்ட் படிக்கத் தெரியாது.

நிறுத்துவது பற்றி: இப்படி வாரம் ஒருமுறை போடும் ஊசிகளில் ஒன்றான செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிட்டது. ஆகவே "எத்தனை கிலோவில் நிறுத்தலாம்" என்பதை ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள், மாசச் செலவையும் சேர்த்து. ஊசி பசியைக் குறைக்கும், பசி இல்லாதபோது இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளத் தோன்றும். இட்லியைக் குறைத்து முட்டையை வையுங்கள்.

கல்லூரி மாணவி, வயது 19: 160 செ.மீ., 47 கிலோ. 42 வரணும். மூணு மாசமா பீரியட்ஸ் வரலை, டயட்டாலயா?

தங்கச்சி, 42க்கு நான் வழி சொல்ல மாட்டேன். இப்போதே நார்மல் எல்லைக்குக் கீழே இருக்கிறீர்கள். மாதவிடாய் நிற்கக் காரணம் பல இருக்கலாம், ஆனால் சாப்பாடு போதாதபோது உடம்பு முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் அதுவும் ஒன்று. எலும்பு இறுகும் வயது இது, இப்போது இழப்பதைப் பின்னால் முழுசாகப் பிடிக்க முடியாது. இந்த வாரமே அம்மாவையோ நம்பும் ஒருவரையோ கூட்டிக்கொண்டு பெண் மருத்துவரைப் பாருங்கள். சாப்பிட்டால் பயமாக இருக்கிறது, கண்ணாடி பார்த்தால் குண்டாகவே தெரிகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. உங்களுக்கு நான் கிலோவில் இலக்கு வைக்கவில்லை. மாதவிடாய் ஒழுங்காகத் திரும்புவதுதான் இலக்கு. எடை மிஷினைக் கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

திருச்சியில் தினமும் நடப்பவர்: வயது 52, ப்ரீ-டயபட்டிஸ். எட்டு மாசமாக நடக்கிறேன், சோற்றையும் குறைத்துவிட்டேன். ஒரு கிலோ கூட இறங்கவில்லை. எல்லாம் வீணா?

வீண் இல்லை. இதற்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ல் வெளியிட்ட இந்திய டயபட்டிஸ் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் சர்க்கரை நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை குறையவே இல்லை. எடை மிஷின் அசையாவிட்டாலும் தசை சர்க்கரையை நன்றாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறது. எச்பிஏ1சி எடுத்துப் பழைய ரிப்போர்ட்டோடு வைத்துப் பாருங்கள், இடுப்பையும் அளந்து பாருங்கள். இரண்டில் ஒன்று இறங்கியிருந்தால் அப்படியே தொடருங்கள். இரண்டும் அசையவில்லை என்றால் நடை முடிந்து கடையில் குடிக்கும் டீயையும் கூட வரும் வடையையும் பற்றிப் பேசுவோம்.

அவசரக் கேள்வி என்று குறிப்பிட்டவர்: நேற்று கல்யாண விருந்து. இன்று காலை 1.6 கிலோ கூடியிருக்கிறது!

உப்பும் தண்ணீரும். ஊறுகாய், அப்பளம், சாம்பார், ரசம் எல்லாவற்றின் உப்பும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோறும் இனிப்பும் தசையில் கிளைகோஜனாக (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் மூணு கிராம் தண்ணீரைக் கூடவே வைத்துக்கொள்ளும். சோறு, மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் மூணு கிலோ இறங்கியது என்று வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார்களே, அதிலும் பெரும்பங்கு இதே தண்ணீர்தான், எதிர்த்திசையில். ஒரு நாள் எடையை ஒரு நாளும் நம்பாதீர்கள், ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். நீங்கள் வியாழக்கிழமை வரை மிஷினில் ஏற வேண்டாம்.