விளைச்சல் கூடினால் சத்து குறையுமா?

கேள்வி: தென்னங்கீற்றுக் குடிலில் சிப்பிக் காளான் வளர்க்கிறோம். விளைச்சல் கூடினால் ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சத்து குறையும் என்கிறார்களே, உண்மையா? பால் காளானுக்கு மாறினால் சத்து கூடுமா?
– ஒட்டன்சத்திரம் வாசகி ஒருவர்

பதில்: விளைச்சலையும் சத்தையும் வெவ்வேறு எடையில் அளப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. விளைச்சலை நாம் ஈர எடையில் சொல்கிறோம். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 800 கிராம் காளான் பறித்தால், உயிரியல் திறன் 80 சதவீதம் என்பது கணக்கு. ஆய்வகத்திலோ காளானை உலர்த்திப் பொடித்து, அதன் சாற்றை ஊதா நிறக் கரைசலில் சேர்த்து, ஊதா எந்த அளவுக்கு வெளுக்கிறது என்று பார்த்து (அதிகம் வெளுத்தால் தடுப்புச் சத்து அதிகம்), பெரும்பாலும் உலர் எடைக்கே முடிவைச் சொல்வார்கள். பறித்த காளானில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர் இருப்பதால், அந்த எண்ணை அப்படியே பச்சைக் காளானுக்குச் சொன்னால் பத்து மடங்கு மிகையாகும்.

ஆகவே, தண்ணீரால் கூடும் எடை விளைச்சலே அல்ல. தராசில் எடை ஏற வேண்டும் என்று பறிப்பதற்குச் சற்று முன் காளான் மீது தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சத்து நீர்த்துப்போவதோடு, பாக்கெட்டுக்குள் காளான் விரைவில் அழுகியும் விடும். பறித்த பிறகு படுக்கையை நனைத்தால் போதும். குடையின் விளிம்பு மெலிந்து மேல்நோக்கிச் சுருளத் தொடங்கும் முன், கொத்தாகத் திருகி எடுத்துவிட வேண்டும். நன்கு வேகவைத்த வைக்கோல், தரமான வித்து, சுத்தமான குடில் ஆகியவற்றால் கூடும் விளைச்சலால் சத்து குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

பால் காளானைச் சத்துக்காகத் தேர்ந்தெடுப்பதைவிட வெயிலுக்காகத் தேர்ந்தெடுப்பதே சரி என்பேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏ.பி.கே.2 ரகம், சிப்பிக் காளான் திணறும் 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் நன்றாக வரும். ஆனால் படுக்கையின் மேல் மண் பூச வேண்டிய வேலை கூடுதலாக உண்டு.

சத்தைப் பொறுத்தவரை, உங்கள் சிப்பிக் காளான் எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல. பூஞ்சைகளும் சில நுண்ணுயிரிகளும் மட்டுமே உருவாக்கும் எர்கோதயோனீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள், பட்டன் காளானைவிடச் சிப்பிக் காளானில் பொதுவாக அதிகம்; அதை உள்ளிழுப்பதற்கென்றே நம் உடலில் தனிப் புரதம் ஒன்று இருக்கிறது. சமையல் சூட்டை அது தாங்கும் என்றாலும் நீரில் கரையக்கூடியது என்பதால், காளானை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலோ சூப்பிலோ சேர்த்துக்கொள்ளும்படி வாங்குவோரிடம் சொல்லுங்கள்.