விஞ்ஞானக் கணக்கீட்டில் ‘ஒர்க்ஃப்ளோ மொழி’ என்றால் என்ன? சாதாரண ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) போதாதா?

எந்த நிரல்கள் ஓட வேண்டும், எது முடிந்தபின் எது தொடங்க வேண்டும், ஒன்றின் விடைக்கோப்பு எதற்குப் போக வேண்டும் என்பதை மட்டும் எழுதிவைக்கும் மொழி இது. கல்யாணச் சமையல் மாதிரி: அரிசி ஊறாமல் மாவு அரைக்க முடியாது; ஆனால் சட்னிக்குத் தேங்காய் துருவ அதுவரை காத்திருக்க வேண்டாம். யார் துருவுவது என்பது அன்றைக்கு யார் கை சும்மா இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இப்படிப்பட்ட வேலைகள் கிரிட்டில் ஓடுவதுண்டு. கிரிட் என்பது பல நிறுவனங்களின் கணினிகளை வலையமைப்பில் இணைத்தது. எது எப்போது காலியாக இருக்கும், எது படுத்துவிடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஸ்கிரிப்டில் கணினியின் பெயரையே எழுதிவிட்டால், அது நின்றதும் எல்லாம் நின்றுவிடும். அதனால்தான் இம்மொழிகளில் பெரும்பாலும் வேலை மட்டும் இருக்கும், இடம் இருக்காது.

இடத்தை முடிவு செய்வது வேறொரு மென்பொருள். 2015-இல் முதல் ஈர்ப்பலையைப் பிடித்த லைகோ ஆய்வகத்தின் தரவு அலசலில் அந்த வேலையைச் செய்தது பெகாசஸ். ஒர்க்ஃப்ளோ மொழியில் எழுதிய விவரிப்பைப் படித்து, கோப்புகளை இடம் மாற்றும் படிகளைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஒரு படி தோற்றால் மறுபடி முயலும்; அப்போதும் நடக்காவிட்டால், பிழையைச் சரிசெய்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். என்னைக் கேட்டால், பெரிய லாபம் இதுதான்.

அப்புறம், இதில் எழுதினாலே நிரல் வேகமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கணக்கைப் போடுவது பைத்தானிலோ சி-யிலோ நீங்கள் எழுதிய அதே நிரல்தான், அது மந்தமென்றால் கிரிட்டிலும் மந்தம்தான்.